மூன்று கல் உயரம்

காலை ஆறு மணிக்கு நல்லதம்பி மாமாவும் பாலனும் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். அப்பாவோடு மூட்டை தூக்கியவர்கள்; மில்லுக்குப் போகிற வழி. இருவருடைய தோளிலும் மூட்டை தூக்கும்போது போடுகிற சாக்குத்துண்டு கிடந்தது. எப்ப வந்தனி, அங்க குளிர் எப்பிடி என்று என்னிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனார்கள். கட்டிலில் கிடந்த அப்பாவின் இரண்டு கமக்கட்டுக்குள்ளும் கையைக் கொடுத்து ஒரே தம்மில் தூக்கினார்கள். அப்பாவின் பாதம் நிலத்தில் படவேயில்லை. கிணற்றடிவரை அப்படியே கொண்டுபோய்த் துவைக்கிற கல்லில் இருத்தினார்கள். அம்மா வாளியோடு பின்னால் ஓடினார். நாலு மாதமாக ஒரு நாள் தவறாமல் வருகிறார்கள், கூடப்பிறந்ததுகூட இப்படிச் செய்யாது என்று முதல் நாள் பின்னேரமே அம்மா சொல்லியிருந்தார். நான் அப்பாவின் இடது தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கின நேரம் அவருடைய முகம் ஒருமுறை கோணிப் பிறகு நேரானது. ஆட்களுக்கு முன்னால் நோவைக் காட்டுகிற பழக்கம் அவருக்கில்லை.

அப்பா பழனியாண்டி பதினாறு வயதில், எழுபத்தேழு கலவரத்தோடு மலைநாட்டிலிருந்து வன்னிக்கு, இந்தத் தர்மபுரத்துக்கு வந்தவர். காடு வெட்டினார், கல் உடைத்தார், இடம்பெயர்ந்த காலங்களைக் கழித்துப் பார்த்தால் இருபத்தைந்து வருடம் அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். அண்ணன் கடைசிச் சண்டையில் மாத்தளனில் போய்விட்டான். மிஞ்சிய என்னைப் பல்கலைக்கழகம்வரை அந்த முதுகுதான் கொண்டுபோனது. பிசியோதெரபி படித்தேன். இங்கே வேலைக்குக் காத்திருந்து அலுத்து இங்கிலாந்துக்கு விண்ணப்பித்தேன். மூன்று வருட வேலை விசா கிடைத்தது. விசா என் கடவுச்சீட்டில் இருந்தாலும் பிடி என்னை எடுத்த ஆசுபத்திரியின் கையில். அவர்கள் விட்டால் நானும் நாட்டை விடவேண்டும். பதினான்கு மாதம் முடிந்திருந்தபோது அப்பாவைப் பாரிசவாதம் அடித்தது. உடனே வர லீவு கிடைக்கவில்லை. கிடைத்தபோது இருபத்துநாலு நாள் கிடைத்தது.

கிணற்றடியிலேயே அவருடைய தோளைத் தொட்டுப் பார்த்தேன். தோள் எலும்புக்கும் கை எலும்புக்கும் நடுவில் என் சுட்டுவிரல் புகுந்தது. வாதம் விழுந்த கை வெறும் பாரம். அதைப் பிடித்து வைத்திருக்கத் தசைக்குப் பலமில்லை. அந்தக் கையடியில் பிடித்து ஆளை நாள்தோறும் தூக்கியதில் மூட்டு இறங்கியிருந்தது. கட்டிலுக்குத் திரும்பிய பிறகு இடது காலை மடிக்கச் சொன்னேன். மடித்தார். தூக்கச் சொன்னேன். நடுங்கிக்கொண்டு ஒரு சாண் தூக்கினார். என் உள்ளங்கையால் அமத்தினேன்; கால் எதிர்த்துத் தள்ளியது. இந்தக் கால் நிற்கும். நாலு மாதமாக ஒருவரும் அதை நிற்கச் சொல்லிக் கேட்கவில்லை, அவ்வளவுதான். கிளினிக்குக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். ஓட்டோவில் ஏற்றி இறக்குவது பெரும்பாடு என்று அம்மா இரண்டு தரத்தோடு நிறுத்திவிட்டார். உழைத்த மனுசன் இனியாவது படுத்திருக்கட்டும் என்பது அவருடைய எண்ணம். சோற்றைக் குழைத்து ஊட்டினார், மூத்திரம் போகச் சட்டி பிடித்தார், பக்கம் மாற்றிப் படுக்கவைத்தார். அவருடைய இடுப்பும் போயிருந்தது. இப்படியே இன்னும் ஆறு மாதம் போனால் எனக்கு இரண்டு நோயாளிகள். அப்போது விசாவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று நான் வந்துதான் ஆகவேண்டும். வந்தால் எதைக்கொண்டு சாப்பிடுவது என்பதை ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை.

ஆகவே இருபத்துநாலு நாளைக்குள் அப்பா தன்பாட்டில் எழும்ப வேண்டும். நடப்பது பிறகு வரும். தானாக எழும்புகிறவனுக்குச் சட்டி தேவையில்லை.

அன்றைக்கே நல்லதம்பி மாமாவிடம் நாளைக்கு வரவேண்டாம் என்று சொன்னேன். ஏனென்றும் விளங்கப்படுத்தினேன். சரி பிள்ளை என்றார். ஆனால் சாக்குத்துண்டை உதறிப் போட்ட விதத்தில் சரி இல்லை என்று தெரிந்தது. பக்கத்து வளவில் வீடு கட்டக் குவித்திருந்த சீமெந்துக் கல்லில் பன்னிரண்டை வாங்கிக் கட்டிலின் ஒவ்வொரு காலுக்கும் கீழே மூன்று மூன்றாக அடுக்கினேன். உயரத்தில் இருந்து எழும்புவது சுகம். சுகமாக வந்தபிறகு ஒவ்வொரு கல்லாகக் குறைக்கலாம். பாதத்தைப் பின்னுக்கு இழு, மூக்கை முழங்காலுக்கு முன்னால் கொண்டுபோ, பிறகு தள்ளு. நான் கற்றுக்கொடுத்தது இந்த மூன்றும்தான். இதையேதான் அங்கே வெள்ளைக்காரக் கிழவிகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். இடுப்பெலும்பு முறிந்து சத்திரசிகிச்சை செய்த எண்பத்தொரு வயதுக்காரி ஒருத்தி மூன்றாம் கிழமை தனியாக எழும்பித் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தாள். கெட்டிக்காரி என்றேன். தூக்கிவிட ஆளிருந்தால் நான் ஏன் எழும்பப்போகிறேன் என்றாள்.

முதல் நாலு நாளும் அப்பா எழும்பவில்லை. ஐந்தாம் நாள் கட்டிலை விட்டு எழும்பி, இரண்டு எண்ணும்வரை நின்று, தொப்பென்று இருந்தார். வியர்வை ஊற்றியது. அம்மா துவாயோடு ஓடிவந்தார். துவாயை அப்பாவின் வலது கையில் கொடுக்கச் சொன்னேன். கொடுத்துவிட்டு அம்மா குசினிக்குள் போய்ச் சட்டிபானைகளை ஓசையாக வைத்தார். வெளிநாட்டுக்குப் போய்த் தகப்பனை வதைக்கப் படித்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று றோட்டில் ஒரு கதை திரிந்தது. காதில் விழுந்தது. மில்லில் மூட்டை தூக்குகிறவனின் மகளுக்குப் பல்கலைக்கழகம் எதற்கு என்ற கதையும் ஒரு காலத்தில் இதே றோட்டில்தான் திரிந்தது.

பதின்மூன்றாம் நாள் கக்கூசுக்குள் பூட்டுகிற கைப்பிடி வாங்கக் கிளிநொச்சிக்குப் போனேன். மத்தியானம் திரும்பி வந்தபோது வாசலில் பத்துச் சோடி செருப்பு கிடந்தது. அப்பா கட்டிலில் படுத்திருந்தார். முழங்கை உரஞ்சியிருந்தது. கட்டில் பதிந்து கிடந்தது. கல் பன்னிரண்டும் முற்றத்தில். நடந்ததை அம்மாவின் அழுகையிலிருந்து பொறுக்கி எடுத்தேன். சலம் போக அப்பா எழும்பியிருக்கிறார். பாதி எழும்பிவிட்டார். கால் நடுங்குவதைக் கண்டு பயந்துபோன அம்மா அவருடைய இடது கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். நேரே வந்துகொண்டிருந்த ஆள் பக்கவாட்டில் சரிந்து, இரண்டு பேரும் நிலத்தில். சத்தம் கேட்டு அயல் வந்து, மில்லிலிருந்து நல்லதம்பி மாமாவைக் கூப்பிட்டிருக்கிறது. கல்லையெல்லாம் உருவி வெளியே போட்டது அவர்தான்.

எலும்பு ஒன்றும் முறியவில்லை என்று தொட்டுப் பார்த்து முடித்தேன். சனம் கலைந்தது. பாலன் கதவுநிலையில் சாய்ந்துகொண்டு நின்றான். நல்லதம்பி மாமா கதிரையில் இருந்தபடி நிலத்தைப் பார்த்துக் கதைத்தார்.

"பிள்ளை, நீ படிச்சனி. இல்லையெண்டு நான் சொல்லேல்லை. ஆனா இந்த மனுசன் விழுந்தா ஆர் தூக்குறது? நீ பிளேனில ஏறிடுவாய். நாங்கள்தான் வரவேணும்."

அது உண்மை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு நில்லன் என்றார். வந்த நாளிலிருந்து தொண்டைக்குள் வைத்திருந்ததை இப்போதுதான் வெளியே விட்டார். நான் அப்பாவின் காலைப் பார்த்தேன். பாதி எழும்பியிருக்கிறார். நான் வீட்டில் இல்லாத நேரத்தில், ஒருவரும் சொல்லாமல்.

"மாமா, மூட்டை முதுகில ஏறினாப் பிறகு ஆளில கை வைப்பியளே?"

விசரியைப் பார்ப்பதுபோல அவர் என்னைப் பார்த்தார். "ஆர் வைக்கிறது? கை பட்டா ஆள் சரிஞ்சிடும். முள்ளந்தண்டு போயிடும்."

மில்லில் அப்படித்தான். இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து மூட்டையைக் குனிந்து நிற்கிறவனின் முதுகில் வைப்பார்கள். பாரம் சரியாகக் குந்தியதும் சுமக்கிறவன்தான் சொல்லவேண்டும், விடு என்று. சொன்னபிறகு அவனுடைய கால் நடுங்கினாலும், லொறிக்குப் போட்ட பலகையில் தள்ளாடினாலும் ஒருத்தன் கிட்டே வரமாட்டான். விலகி வழிவிடுவார்கள். இரக்கப்பட்டுப் பிடிக்கிற புது ஆளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"அப்ப அம்மா இண்டைக்குச் செய்தது என்ன?" என்று கேட்டேன்.

நல்லதம்பி மாமா தோளிலிருந்து சாக்குத்துண்டை எடுத்தார். மடியில் வைத்து மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்பாவுக்குப் பேச்சு இன்னும் குழறும். தண்ணீர் கேட்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"வுடு," என்றார் அப்பா. நாற்பத்தெட்டு வருடம் வன்னியில் இருந்தும் அவருடைய வாயில் மலைநாட்டுத் தமிழ்தான். "வுடு, நல்லதம்பி."

முதலில் சிரித்தது பாலன். பிறகு நல்லதம்பி மாமா எழும்பிச் சாக்குத்துண்டைத் தோளில் எறிந்தார். அப்பாவை இறக்காமலே கட்டிலின் ஒரு பக்கத்தை ஒற்றைக் கையால் உயர்த்திப் பிடித்தார். "கட்டிலில கை வைக்கலாமோ, டொக்டர் அம்மா? இல்லாட்டி அதும் தானா எழும்போணுமோ?" என்று என்னைக் கேட்டார். பாலன் கல்லை எடுத்துவந்து அடுக்கினான். மெல்ல, சரக்கு ஒடையும் என்று அப்பா குழறினார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் நான் ஆசுபத்திரிக்கு எழுதினேன். தகப்பனுக்கு இன்னும் இரண்டு கிழமை வேண்டும், சம்பளம் வேண்டாம் என்று கேட்டேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. மிகவும் வருந்தினார்கள். இருபதாம் திகதி வேலைக்குத் திரும்பாவிட்டால் என்னைப் பொறுப்பெடுத்ததை நிறுத்தவேண்டி வரும் என்பதையும் அதே மரியாதையோடு எழுதியிருந்தார்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நல்லதாய்த்தானே எழுதியிருக்கினம், பிறகேன் மாட்டினமாம் என்று கேட்டார். நான் பயணச்சீட்டை மாற்றவில்லை. அப்பாவுக்கு இனி வேண்டியது ஒரு நாளைக்குப் பத்துத்தரம் இருந்து எழும்புவது. அதற்கு நான் வேண்டியதில்லை. நம்பித்தான் இதை அம்மாவிடம் சொன்னேன்.

பதினெட்டாம் நாள் ஒரு கல் எடுத்தோம். இருபத்தோராம் நாள் இன்னொன்று. நல்லதம்பி மாமா ஒவ்வொரு காலையும் வந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்று, மூக்கு, மூக்கு என்று சத்தம் போட்டார். கால் பலகையில இருக்கு, லொறிக்காரன் கத்துறான் என்று பாலன் பகிடி விட்டான். பிறகு இருவரும் மில்லுக்குப் போனார்கள். அம்மாவுக்குத்தான் கடினம். அப்பா எழும்பத் தொடங்கினதும் குசினிக்குள் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்பார். முடிஞ்சுதோ என்று அங்கிருந்து கேட்பார். அவருடைய கைகளுக்கு நான் வேறு வேலை எதுவும் கண்டுபிடித்துக் கொடுக்கவில்லை. என் படிப்பில் அது இல்லை.

ஒன்று மட்டும் சரிவரவில்லை. நான் ஒரு முழம் தள்ளி நின்றால் அப்பா எழும்புவார். முற்றத்துக்குப் போனால் எழும்பமாட்டார், கூப்பிடுவார். விழுந்த பிறகு வந்த பயம் அது. பதின்மூன்றாம் நாள் தனியாகப் பாதி எழும்பிய அதே மனுசன் இப்போது என் நிழல் அறைக்குள் விழுந்தால்தான் பாதத்தைப் பின்னுக்கு இழுத்தார். கேட்ட இரண்டு கிழமை கிடைத்திருந்தால் இதையும் உடைத்திருப்பேன். கிடைக்கவில்லை.

போகிற அன்று காலை என்னை விமான நிலையத்துக்கு ஏற்ற வான் வந்தது. அப்பாவை வாசலுக்கு நேரே, விறாந்தையில், கைபிடி வைத்த மரக்கதிரையில் நானே இருக்கவைத்திருந்தேன். இருக்கவைத்தேன் என்றால் கதிரையைக் காட்டினேன், அவர் வந்து இருந்தார். கதிரைக்குக் கீழே கல் இல்லை. போட்டு வாறன் அப்பா என்றேன். வலது கையால் என் தலையைப் பிடித்து அமத்திவிட்டு, போ புள்ள, நேரமாச்சு என்றார். என்னுடைய பெட்டியை நல்லதம்பி மாமா முதுகில் போட்டுக்கொண்டு நடந்தார், சில்லுப் பூட்டிய பெட்டி என்று எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. அம்மாவும் பாலனும் பின்னால் வந்தார்கள். நான் வானுக்குள் ஏறி யன்னலைத் திறந்தபோது எல்லோரும் படலையடியில் நின்றார்கள். வீட்டில் அப்பா மட்டும்.

முற்றத்துக்கு அங்கால், விறாந்தையில், அப்பா வலது பாதத்தைப் பின்னுக்கு இழுத்தார். பிறகு இடது பாதத்தை. அது குதிக்காலை அரைத்துக்கொண்டு மெல்ல வந்தது. என் முகம் போன திசையைப் பார்த்து அம்மா திரும்பினார். திரும்பின வேகத்திலேயே ஓட ஒரு அடி வைத்தார். நல்லதம்பி மாமா கையைக் குறுக்கே நீட்டினார். அம்மாவின் வயிறு அந்தக் கையில் முட்டி நின்றது.

"போவமே அக்கா?" என்று வான்காரன் கேட்டான். "முறிகண்டிச் சந்தியில லொறி நெரிசலாம்."

அப்பாவின் தலை குனிந்தது. மூக்கு முழங்காலைத் தாண்டி வந்தது. வலது கை கதிரைக் கைபிடியில் இருந்தது. இடது கை நான் சொல்லிக்கொடுத்தபடி மடியில். நான் கதவுப்பிடியில் வைத்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"எடுங்கோ," என்றேன்.

வான் குலுங்கிப் புறப்பட்டது. அப்பாவின் சாரத்துக்கும் கதிரைப் பலகைக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பின்சுவரின் நீலம் தெரிந்தது. அந்த நீலம் நடுங்கியது. பிறகு வேலிக் கதியால்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இடையில் விழத்தொடங்கின.