ஊறவைத்த இசைத்தட்டு

எர்னஸ்டீன் ப்ரூயிட் தன் ராப் பாட்டுகளில் இதுவரை இருபத்துமூன்று பேரைக் கொன்றிருக்கிறாள். கணக்கு எனக்குத் தெரியும், ஒவ்வொரு கொலைக்கும் தாளம் போட்டுக் கொடுத்தவன் நான்தான். நிஜத்தில் அவள் எறும்பை மிதித்துவிட்டால்கூட குனிந்து மன்னிப்புக் கேட்கிற ரகம். தெற்கு மெம்ஃபிஸில் ஒரு ஈமச்சடங்கு நிலையத்தில், செத்தவர்களுக்குத் தலைவாரிப் பவுடர் பூசிப் பெட்டியில் படுக்கவைப்பது அவள் வேலை. அந்தப் பெட்டிக்கு எங்கள் ஊரில் காஸ்கெட் என்று பெயர். அதனால் மேடையில் அவள் 'லேடி காஸ்கெட்'. பிணங்களோடு தான் பழகுவதாக அவள் பாடும்போது வம்புக்கு வருகிற பையன்கள்கூடக் கொஞ்சம் அடங்குவார்கள். அந்த வரி மட்டும் பொய்யில்லை அல்லவா.

முதலில் எங்கள் கேசட்டுகளை என் காரின் டிக்கியைத் திறந்துவைத்து, கார் கழுவுகிற இடத்திலும் ஸ்கேட்டிங் அரங்கின் வாசலிலும் விற்றோம். தொண்ணூற்றைந்தாம் வருஷம் அட்லாண்டாவிலிருந்து ஒரு இசைக் கம்பெனி தேடி வந்தது. பன்னிரண்டு பாட்டுகள், 'மலர் வேண்டாம்' என்று ஆல்பத்துக்குப் பெயர். எர்னஸ்டீன் அன்றைக்கே முதலாளியிடம் போய், மாதக் கடைசியோடு வேலையை விடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். அவரும் அவள் இடத்துக்கு வேறொரு பெண்ணை எடுத்து, சீப்பைக்கூடக் கொடுத்துப் பழக்க ஆரம்பித்துவிட்டார். ஆல்பம் வந்தால் அவள் ராணி. வராவிட்டால் ராப்பும் இல்லை, பிணமும் இல்லை.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். சொல்லாமல் முடியாது.

எங்கள் தொழிலில் பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டு குரலோ, ஒரு துண்டு ஆர்கனோ எடுத்து, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு, மேலே தாளம் வைப்போம். எந்தத் தட்டிலிருந்து எடுத்தோம் என்பதை உயிர் போனாலும் சொல்லமாட்டோம். சொன்னால் மறுநாளே பக்கத்துத் தெருக்காரன் அதே துண்டை எடுத்துப் பாட்டுப் போட்டுவிடுவான். அதனால் சிலர் தட்டின் நடுவிலிருக்கும் காகிதத்தின் மேல் வேறு காகிதம் ஒட்டுவார்கள். நான் அவர்களைவிடப் பெரிய புத்திசாலி. குளியல் தொட்டியில் வெந்நீர் நிரப்பி, பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றி, தட்டுகளை ஊறவைத்து, பெயர் அச்சடித்த காகிதத்தைக் கட்டைவிரலால் தேய்த்து எடுத்துவிடுவேன். கறுப்பு வட்டம்தான் மிஞ்சும். நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளேன் என்று ஒருத்தன் கேட்டதற்கு, நோட்டு திருடு போகும், என் தலை திருடு போகுமா என்று மார்தட்டினேன்.

திங்கட்கிழமை கம்பெனி வக்கீல் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். பன்னிரண்டு பாட்டுக்கும் மூலம் எது, பாடியது யார், எழுதியது யார், அவர்கள் அனுமதிக் கையெழுத்து, எல்லாம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வேண்டும் என்றார். பதினொன்றை மளமளவென்று ஒப்பித்தேன். பன்னிரண்டாவதில் நின்றேன். தலை திருடு போயிருந்தது.

அதுவோ ஆல்பத்தின் உயிரான பாட்டு. கம்பெனி எங்களை வாங்கியதே அதைக் கேட்டுத்தான். கோயில் ஆர்கன் மாதிரி ஒன்று முனகும், கூடவே கனத்த குரலில் யாரோ 'போறேன்னு சொன்னியே, இன்னும் நிக்கிறியே' என்று இழுப்பார்கள். நான் வழக்கம்போல வேகத்தைக் குறைத்திருந்தேன், அதனால் அந்தக் குரல் குகைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். தட்டின் விளிம்பில் ஆணியால் கீறினமாதிரி 'எல் ஒன்று' என்று இருந்தது. அவ்வளவுதான். அந்தப் பாட்டை எடுத்துவிட்டு மீதியை வெளியிடலாமே என்று கேட்டேன். அது இல்லையென்றால் மீதியே வேண்டாம் என்று வக்கீல் அம்மா மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

எர்னஸ்டீனிடம் சொல்ல நிலையத்துக்குப் போனேன். எண்பது வயது அம்மாள் ஒருவருக்குச் சுருள் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை சீப்பை நிறுத்தவேயில்லை.

"டேய் க்ளீ, அப்ப அந்தத் தட்டு யாருதுன்னு உலகத்துல ஒருத்தனுக்கும் தெரியக்கூடாதுன்னு நினைச்சே."

"ஆமா."

"நினைச்சபடியே நடந்துடுச்சு. உன்னையும் சேர்த்து."

கத்தியிருந்தால் தேவலை. அவள் அந்த அம்மாளின் நெற்றியில் ஒரு சுருளைச் சரியாக வைத்துவிட்டு, "இவங்க முடிஞ்சதும் கிளம்பலாம். ஊர்ல இருக்கிற ஒவ்வொரு கிழவன்கிட்டயும் போட்டுக் காட்டலாம்" என்றாள்.

போட்டுக் காட்டினோம். முடிவெட்டும் கடையில் ஆறு பேர் ஆறு பெயர் சொன்னார்கள். அதில் இரண்டு பேர் அடித்துக்கொள்ளப் போய், கடைக்காரர் கத்தரியைப் பிடுங்கி வைக்க வேண்டியதாயிற்று. பழைய வானொலி அறிவிப்பாளர் ஒருவர் கண்ணை மூடிக் கேட்டு, இது சிகாகோ என்று தீர்மானமாகச் சொன்னார். யார் என்று கேட்டால் மறுபடியும் சிகாகோ என்றார். புதன்கிழமை, கோழி இறக்கை விற்கிற கடையில் ஒரு பெரியவர் இது நான்தான் என்று நெஞ்சில் கை வைத்தார். பாடிக் காட்டச் சொன்னோம். பாடினார். கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பொட்டலம் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

வியாழக்கிழமை எர்னஸ்டீன் கை ஓய்ந்து உட்கார்ந்தாள். அவள் இடத்துக்கு வந்த பெண் அன்றைக்குத் தனியாகவே ஒருவருக்குப் பவுடர் பூசிவிட்டாளாம், நன்றாகவும் பூசிவிட்டாளாம். அதைச் சொல்லும்போது அவள் குரல் சிறுத்துப்போயிற்று. எனக்கு என்னையே அறையலாம் போலிருந்தது. அப்போது நிலையத்தின் பிரார்த்தனைக் கூடத்தில் ஆர்கனைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த டாலிவர் ஐயா எட்டிப் பார்த்தார். மெம்ஃபிஸில் அவர் கை படாத ஆர்கன் இல்லை. கடைசி முயற்சியாக அவருக்கும் போட்டோம்.

அவர் குரலைக் கவனிக்கவே இல்லை. நாலாவது விநாடியில் விரலைத் தூக்கினார்.

"அந்தக் கிறீச் கேட்டுச்சா? கால்ல மிதிக்கிற பெடல். மவுண்ட் நீபோ சர்ச்சோட ஆர்கன். இடது பக்கத்துல மூணாவது மிதி. அறுபத்தாறுலருந்து மாத்துங்க மாத்துங்கன்னு சொல்றேன், எண்ணெய் மட்டும் விட்டுட்டுப் போங்கறாங்க."

பாடியது யாரென்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த ஆர்கனின் சாவி முப்பது வருஷமாக ஒரே ஆளிடம்தான் இருக்கிறது, அவரைக் கேளுங்கள் என்றார். பெயரைச் சொன்னதும் நானும் எர்னஸ்டீனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சிஸ்டர் லவோனியா பெட்டிக்ரூ. மவுண்ட் நீபோவின் வாயிற்காவல் மகளிர் தலைவி. ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளை உடுப்பும் வெள்ளைக் கையுறையுமாக வாசலில் நின்று, சூயிங்கம் மெல்லும் குழந்தைகளின் வாயிலிருந்து அதை வாங்குபவர். அந்த ஏப்ரலில்தான் சர்ச்சின் வாகனம் நிறுத்துமிடத்தில் ராப் கேசட்டுகளைப் பரப்பி, மேலே லாரியை ஏற்றவைத்தார். அதில் நாற்பது எங்களுடையது. அந்த வாரம் எங்களுக்கு விற்பனை இரட்டிப்பானது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்டினோம். வலைக்கதவுக்கு அந்தப் பக்கமே நின்றார். எர்னஸ்டீனைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் இளகிற்று.

"நீதானே எங்க பெரியம்மாவுக்குத் தலைவாரினே? தூங்கறாப்பல இருந்தாங்க. உள்ள வா கண்ணு. இவன் யாரு?"

எர்னஸ்டீன் வாயைத் திறப்பதற்குள் நானும் பின்னாலேயே நுழைந்துவிட்டேன். கூடத்தில் மேசை போட்டு, கஞ்சி தெளித்த வெள்ளை உடுப்பை அவர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். எர்னஸ்டீன் சுற்றிவளைக்காமல், லேடி காஸ்கெட் என்பது நான்தான் என்று சொல்லிவிட்டாள். இஸ்திரிப் பெட்டி ஒரு கணம் நின்று மறுபடி நகர்ந்தது. தலைவாருகிறவள் தலையையும் எடுக்கிறாளா என்று மட்டும் கேட்டார். அவருடைய சர்ச் ஆர்கனில் யாரோ பாடியிருக்கிறார்கள், அது யாரென்று தெரிந்தால் போதும் என்று சொல்லி, நான் கையில் கொண்டுவந்த டேப்ரிகார்டரில் கேசட்டைப் போட்டேன்.

ஆர்கன் முனகிற்று. மிதி கிறீச்சிட்டது. குகைக் குரல் 'போறேன்னு சொன்னியே' என்று இழுத்தது. சிஸ்டர் லவோனியா அசையவில்லை. துணி தீய்கிற வாசனை வந்தது.

"தெரியாது. இந்த மாதிரிப் பாட்டெல்லாம் எங்க சர்ச்சுல யாரும் பாடினதில்ல" என்றார்.

எர்னஸ்டீன் எழுந்துவிட்டாள். நன்றி சொல்லி, தொந்தரவுக்கு மன்னிப்பும் கேட்டாள். நாங்கள் கதவருகே போனோம். கேசட்டை நிறுத்த மறந்துபோனேன். அது என் கையில் பாடிக்கொண்டே வந்தது.

"நில்லுங்க." பின்னாலிருந்து குரல் வந்தது. "எவன்டா இதை இப்படி இழுத்துவிட்டவன்?"

நான்தான் என்றேன்.

"என் குரல் இதுவாடா? எங்க அண்ணன் ஜலதோஷத்துல பேசினாப்பல இருக்கு."

சொல்லிவிட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. தீய்ந்த உடுப்பிலிருந்து இஸ்திரிப் பெட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டு, சோபாவில் உட்கார்ந்தார். எர்னஸ்டீன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அறுபத்தொன்பதில் நடந்ததாம். சர்ச் ஊழியரான டீக்கன் ஹோசியாவோடு கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. ஊருக்கு வந்த ஒரு இசைக்குழுக்காரன் குரலைக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு பாட்டு என்று கெஞ்சியிருக்கிறான். பாட்டை எழுதியதும் இவரே. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாவிதான் இவரிடம் இருந்ததே, கர்த்தருடைய ஆர்கனில் காதல் பாட்டைப் பாடிப் பதிவு செய்துவிட்டார்கள். ஐம்பது பிரதி அடித்தார்கள். கைக்குக் கிடைத்ததையெல்லாம் இவர் வாங்கி உடைத்திருக்கிறார். மிச்சம் எங்கே போனதென்று தெரியாது. இருபத்தாறு வருஷமாக, எந்த வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றாலும் இறங்கிப் போய் இசைத்தட்டுப் பெட்டியைக் கிளறிப் பார்ப்பாராம். கணவருக்கு இன்றுவரை ஒரு வார்த்தை தெரியாது.

"என் பேரு அதுல கொட்டை எழுத்துல இருந்துச்சு. யார் கண்ணுலயாவது பட்டுடுமோன்னு தூக்கத்துல கூடப் பயம். கொண்டு வந்திருக்கியா? காட்டு."

உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் திருப்பினார்.

"பேர் எங்கே?"

தொட்டி, வெந்நீர், சோப்பு, கட்டைவிரல் எல்லாவற்றையும் சொன்னேன். பெருமையாகச் சொல்லிப் பழகிய கதை. அன்றைக்கு அவசர அவசரமாகச் சொல்லி முடித்தேன்.

அவர் கோபப்படவில்லை. வெறும் கறுப்பு வட்டத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டே பேசினார்.

"யாராவது கண்டுபிடிச்சுடுவாங்களோன்னு பயந்தேன். நிஜம்தான். ஆனா கண்டுபிடிக்கிறவன் என் பேரைப் படிப்பான்னுதான் நினைச்சேன். கடைசியில ஒருத்தன் கையில கிடைச்சிருக்கு. அவனுக்குப் பிடிச்சும் போச்சு. பிடிச்சதும் முதல் வேலையா என் பேரைத்தான் தேய்ச்சு எடுத்திருக்கான்."

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. வீட்டில் அப்படி நானூறு தட்டுகள் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் இருந்தார் என்பது அந்தக் கூடத்தில்தான் எனக்கு முதன்முதலாகத் தோன்றிற்று. வெட்கமாக இருந்தது, சும்மா சொல்லவில்லை. மன்னித்துவிடுங்கள் மிஸ் லவோனியா என்றேன்.

எர்னஸ்டீன், கையெழுத்து வாங்க வக்கீல் அம்மா அனுப்பியிருந்த காகிதத்தை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு, மெதுவாகத் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

"வேணாம் மிஸ் லவோனியா. உங்க குடும்பத்துல குழப்பம் வந்து என் ஆல்பம் வரவேணாம். நான் முதலாளிகிட்டப் போய் வேலையைத் திரும்பக் கேட்டுப் பார்க்கறேன்."

எனக்கு உயிரே போயிற்று. ஒரு வழி சொன்னேன்: காகிதத்தில் மட்டும் உண்மைப் பெயர் இருக்கட்டும், ஆல்பத்தின் அட்டையில் வேறு ஏதாவது பெயர் போட்டுக்கொள்ளலாம், கம்பெனி ஒப்புக்கொள்ளும். சிஸ்டர் லவோனியா என்னைப் பார்த்த பார்வையில், வாயில் சூயிங்கம் இருந்திருந்தால் நானே எடுத்துக் கொடுத்திருப்பேன்.

"அழிச்சது பத்தாதுன்னு அடுத்த யோசனை வேற. கொண்டா இங்க."

பேனாவை வாங்கி, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, ஒரு வரி விடாமல் படித்தார். இரண்டு நிபந்தனை சொன்னார். குரலைப் பழைய வேகத்துக்கே கொண்டுவர வேண்டும். அட்டையில் முழுப்பெயர் வர வேண்டும், 'சிஸ்டர்' என்ற பட்டத்தோடு. முதலாவதற்கு எர்னஸ்டீன் அந்தப் பாட்டு முழுவதையும் இன்னும் வேகமாகப் பாட வேண்டியிருக்கும். ஆறு கொலையை நாலு நிமிஷத்தில் முடிப்பது எளிதல்ல. அவள் உடனே தலையாட்டினாள். கர்த்தர் பெயரை அந்தப் பாட்டில் எங்கேயும் இழுக்கவில்லையே என்று கேட்டுக்கொண்டு, கையெழுத்துப் போட்டார்.

பிறகு அலமாரி இழுப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். கடிதங்களின் மூலையில் ஒட்டுவதற்காகப் பெயரும் விலாசமும் தங்க எழுத்தில் அச்சடித்த குட்டி ஒட்டிகள், தாள் நிறைய. ஒன்றை நகத்தால் உரித்து, தட்டின் கறுப்பு வட்டத்தில் வைத்து, அழுத்தித் தேய்த்தார். 'சிஸ்டர் லவோனியா பெட்டிக்ரூ, 1188 வில்மார் தெரு.'

"இப்ப ஊறவெச்சுப் பாரு" என்றார்.

நான் எழுந்தேன். ஐந்து மணிக்குள் காகிதம் ஃபேக்ஸில் அட்லாண்டா போய்ச் சேரவேண்டும். எர்னஸ்டீன் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். சிஸ்டர் லவோனியா கூடத்து மூலையிலிருந்த பழைய மர ரிகார்டு பெட்டியைத் திறந்து, தட்டைத் தன் கையாலேயே வைத்து, முள்ளை இறக்கினார்.

வேகம் குறைக்காத அந்தக் குரலை நானே மறந்துபோயிருந்தேன். இருபத்திரண்டு வயதுக் குரல். கோபமும் சிரிப்புமாக, போகாமல் நிற்கிறவனை வாசலிலேயே வைத்துக் கலாய்க்கிற குரல். எர்னஸ்டீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாட்டு முடிந்ததும் அவர் மறுபடி வைத்தார். மூன்றாவது தடவை, கூடவே மெல்ல முணுமுணுத்தார்.

அப்போது வாசலில் கார் வந்து நின்றது. டீக்கன் ஹோசியா மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார். கார்க் கதவு சாத்தும் சத்தம், படியில் செருப்புச் சத்தம். நான் பதறிப்போய்ச் சத்தத்தைக் குறைக்கக் குமிழைத் தொட்டேன்.

சிஸ்டர் லவோனியா என் கையைத் தட்டிவிட்டு, சத்தத்தைக் கடைசிவரை கூட்டினார்.