எந்தக் கால்ல பிரேக்கு

அக்கா, ஞாயித்துக்கிழமை அப்பாவ அந்த ஷோரூமுக்குக் கூட்டிட்டுப் போகாத. புது புல்லட்ட ஓட்டிப் பாக்கட்டும்னு நீயும் மாமாவும் ஆசையா ஏற்பாடு பண்ணிருக்கீங்க, தெரியும். இன்னிக்கு இங்க நடந்ததக் கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணு. தட்டிக்கிட்டிருக்கப் பொறுமை இல்ல, நான் பேசப் பேச போனே டைப் பண்ணுது, அப்படியே அனுப்புறேன். அம்மாகிட்ட படிச்சுக் காட்டாத.

இன்னிக்கு எங்க பைக் கடையில டெமோ நாள். கம்பெனி லாரி நெறைய புது வண்டியோட வந்து எங்க வாசல்ல நிக்கும், யாரு வேணா வந்து ஓட்டிப் பாக்கலாம். லைசென்ஸக் காட்டணும், கை கால் போனா உங்களக் கேக்க மாட்டேன்னு கையெழுத்துப் போடணும், மணிக்கட்டுல ஒரு பேப்பர் வளையம் மாட்டி விடுவாங்க. ஹெல்மெட், பூட்ஸ் இல்லன்னா வண்டிகிட்டயே விடமாட்டாங்க. நம்ம ஊர் மாதிரி சாவியக் குடுத்து, "பெட்ரோல் பங்க் வரைக்கும் போய்ட்டு வாங்க சார்"ங்கற கதையெல்லாம் இல்ல. அஞ்சாறு பேரா சேத்து, முன்னாடி கம்பெனி ஆள், கடைசியில கடை ஆள், நடுவுல இவங்கன்னு ஒரு சுத்து கூட்டிட்டுப் போயிட்டு வரணும்.

கடைசியில வர்ற வேலை எப்பவும் ஷானாவோடது. அவ கைய ஒடச்சுக்கிட்டா. எங்க முதலாளி குர்ட் அடுப்புல சாசேஜ் வாட்டிக்கிட்டே என்னப் பாத்தாரு.

"நிதி, இன்னிக்கு நீ கடைசியில வா."

"நானா? நான் வண்டி கழுவுற ஆளு."

"லைசென்ஸ் இருக்கில்ல? அப்புறம் என்ன. யாரையும் முந்தாத, அவ்ளோதான். மாடு மேய்க்கிற மாதிரி நெனச்சுக்க."

"நான் மாடு மேய்ச்சதே இல்லயே."

"மாட்டுக்குப் பேர்போன விஸ்கான்சின்ல நாலு வருஷமா இருந்துக்கிட்டு இத வெளிய சொல்லாத."

என் குரூப்ல கடைசியா வந்து சேந்தது ஆர்லிஸ்னு ஒரு அம்மா. எழுபது தாண்டிருக்கும். வெள்ளைப் பின்னல், தோல் ஜாக்கெட். அவங்க வீட்டுக்காரர் ஆர்வில் அவங்க கைப்பைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு பக்கத்துலயே நின்னாரு.

முன்னாடி போற கம்பெனி ஆள் டெரல் கேட்டாரு, "எத்தனை வருஷமா ஓட்டுறீங்க?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து, தம்பி."

எல்லாரும் சிரிச்சாங்க. ஆர்லிஸுக்கு இன்னும் குஷியாயிடுச்சு. "இத்தன வருஷமா ஒரே வண்டிதான். பழைய இங்கிலீஷ்காரன் வண்டி. இந்த ஆளவிட அதுதான் என் பேச்சக் கேக்கும். இப்ப முட்டி வலி, ஒதச்சு ஸ்டார்ட் பண்ண முடியல. பட்டன் வச்ச வண்டியா ஒண்ணு பாக்கலாம்னு வந்தேன்."

அதுக்கு மேல யாரும் ஒண்ணும் கேக்கல. நானும் கேக்கல அக்கா. பழைய இங்கிலீஷ்காரன் வண்டின்னு காதுல விழுந்துச்சு, மண்டையில ஏறல.

டெரல் ஜாடையெல்லாம் சொல்லிக் குடுத்தாரு. ஓட்டுறப்ப முன்னாடி இருக்கறவங்க இடது கால நீட்டினா இடது பக்கம் குழியோ ஜல்லியோ கெடக்குன்னு அர்த்தம். வலது கால நீட்டினா வலது பக்கம். பாத்ததும் எதிர்ப்பக்கமா விலகணும். யாரும் யாரையும் முந்தக் கூடாது. "கடைசி ஆள் செத்தாலும் முந்தக் கூடாது"ன்னு சொல்றப்ப என்னையே பாத்தாரு.

கெளம்புற நேரத்துல ஆர்வில் என்கிட்ட வந்து மெதுவா சொன்னாரு, "அவ வலது காலக் கொஞ்சம் பாத்துக்கம்மா."

முட்டி வலியச் சொல்றாருன்னு நெனச்சேன். "கவலப்படாதீங்க, வண்டி சாஞ்சா ஓடி வந்து புடிச்சுக்கறேன்"னேன். அவரு இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாரு. அதுக்குள்ள டெரல் விசில் அடிச்சுட்டாரு.

ஊர் தாண்டற வரைக்கும் ஒண்ணுமில்ல. ரெண்டு பக்கமும் சோளக்காடு, நல்ல வெயில். எனக்கு முன்னாடி ஆர்லிஸ் ராணி மாதிரி நிமிந்து உக்காந்து போறாங்க. முதல் ஸ்டாப் போர்டுல எல்லாரும் நின்னு கெளம்பினாங்க. மத்தவங்க வேகம் எடுக்கறப்ப ஆர்லிஸ் வண்டியில மட்டும் பின்னாடி சிவப்பு லைட் பளிச்னு எரிஞ்சு அணைஞ்சுது. வண்டி ஒரு குலுக்கு குலுக்குச்சு. கெளம்பறப்ப யாராவது பிரேக் போடுவாங்களா? ஏதோ கால் பட்டிருக்கும்னு விட்டுட்டேன். அடுத்த ஸ்டாப்புலயும் அதே லைட், அதே குலுக்கு.

அப்பதான் எனக்குப் பொறி தட்டுச்சு. ஏன்னா இங்க லைசென்ஸுக்குப் படிச்சப்ப நானும் அப்படித்தான் பண்ணேன். கெளம்பறப்ப எதுக்குடி பிரேக் போடறன்னு வாத்தியார் மைதானம் முழுக்கக் கேக்கற மாதிரி கத்துவாரு.

அப்பாவோட பழைய புல்லட்டுல கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல. நீயும் நானும் அதுலதான பழகினோம்? கியர் ஏத்தணும்னா வலது கால அமுக்குவோம். இப்ப வர்ற வண்டியெல்லாம் தலைகீழ். வலது கால்ல பிரேக்கு, இடது கால்ல கியரு. ஆர்லிஸோட பழைய வண்டியும் அப்பா வண்டியும் ஒரே இங்கிலீஷ்கார வம்சம் அக்கா. நெனப்போட ஓட்டறப்ப சரியாத்தான் ஓட்டறாங்க. நெனப்பு கொஞ்சம் அந்தப் பக்கம் போனா கால் பழைய வண்டிக்குப் போயிடுது. ஆர்வில் சொன்னது முட்டிய இல்ல.

சமமான ரோட்டுல பரவால்ல, சமாளிச்சுடுவாங்க. ஆனா அந்த வழி எனக்குத் தெரியும். ஒரு மேடு ஏறி, அந்தப் பக்கம் செங்குத்தா எறங்கி, நேரா பெரிய ரோட்டுல போய் முட்டும். அதுல பால் டேங்கர் ஓயாம போகும். அங்க பயந்து பிரேக் அடிக்கணும்னா இவங்க இடது காலத்தான் மிதிப்பாங்க. அது பிரேக்கே இல்ல.

ஹாரன் அடிச்சேன். ஆர்லிஸ் சந்தோஷமா கையாட்டினாங்க. திரும்ப அடிச்சேன். திரும்பக் கையாட்டினாங்க.

மேடு ஏறியாச்சு. முன்னாடி போன நாலு வண்டியும் எறக்கத்துல காணாமப் போயிடுச்சு. வேற வழி தெரியல. சாமிய வேண்டிக்கிட்டு முந்தினேன். எதிர் வண்டி வர்ற பக்கமா போய் அவங்க பக்கத்துல சேந்து தொண்ட கிழியக் கத்தினேன். ஹெல்மெட்டு, காத்து, ஒண்ணும் கேக்கல. அதனால என் வலது கால வெளிய நீட்டி, காத்துல அமுக்கி அமுக்கிக் காட்டினேன். இதுல பிரேக்கு, இதுல பிரேக்கு.

ஆர்லிஸ் பாத்தாங்க. புரிஞ்ச மாதிரி தலையாட்டினாங்க. அப்புறம் வண்டிய என் மேல சாய்ச்சாங்க.

வலது கால் நீட்டினா வலது பக்கம் ஜல்லி. சொல்லிக் குடுத்தபடி ஒழுங்கா இடது பக்கம் விலகறாங்க. அந்த இடது பக்கத்துலதான் நான் இருக்கேன். அதே நேரம் கீழேருந்து ஒரு டேங்கர் எங்க ரோட்டுக்குள்ள திரும்பி நேரா என் முகத்துக்கு வருது.

அவன் அடிச்ச ஹாரன் இன்னும் காதுல இருக்கு. எல்லாம் தெரிஞ்சவ நான், இல்ல? எந்தக் கால்னு ஊருக்கே பாடம் எடுக்கப் போனவ? என் இடது கால் போய் பொத்துனு மிதிச்சுது. கியர் எறங்கி வண்டி ஊளையிட்டு பின்சக்கரம் பாம்பு மாதிரி நெளிஞ்சுது. பக்கத்துலயும் அதே ஊளை. ரெண்டு பேரும் ஒரே தப்ப ஒரே நேரத்துல பண்ணோம்.

கைதான் காப்பாத்துச்சு. முன்பிரேக்கு மட்டும் எல்லா வண்டியிலயும் வலது கைலதான். அத இறுக்கிப் புடிச்சு அவங்களுக்குப் பின்னாடி எப்படியோ நுழைஞ்சேன். டேங்கர் என் தோள ஒரசற மாதிரி போச்சு. ஆர்லிஸ் ரோட்ட விட்டு வலது பக்கம் புல்லுக்குள்ள எறங்கிட்டாங்க. வண்டி குதிச்சு குதிச்சுப் போய் வேலிக்கு முன்னாடி நின்னு அப்படியே சாஞ்சுது. அவங்களும் கூடவே.

ஓடினேன். கண்ணு மூடியிருந்துச்சு. போயிட்டாங்கன்னே நெனச்சேன் அக்கா.

கண்ணத் தொறக்காமலே கேட்டாங்க, "அங்க ஜல்லியே இல்லயே?"

"இல்ல. நான் பிரேக்கக் காட்டினேன்."

"எந்தப் பிரேக்க?"

"வலது கால்ல இருக்கிற பிரேக்க."

"அட லூசுப் பொண்ணே"ன்னு சிரிக்க ஆரம்பிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே இருந்தவங்க என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டாங்க. அடி ஒண்ணும் இல்ல, ஆனா கை ஐஸ் மாதிரி இருந்துச்சு. "ஆர்வில்கிட்ட சொல்லாத கண்ணு."

கடை வேன்ல அவங்களக் கூட்டிட்டு வந்தோம். குர்ட் சாசேஜ் கிடுக்கியோட ஓடி வந்தாரு. "முந்தாதன்னு சொன்னனா இல்லயா?"

ஆர்லிஸ்தான் பேசினாங்க. "அவள ஏன்யா கத்துற? எந்தக் கால்ல ஓட்டிப் பழக்கம்னு நீங்க ஒருத்தராவது என்னக் கேட்டீங்களா? போ, உன் சாசேஜ் கருகுது."

நான் அவங்களக் காப்பாத்தினேனா, கொல்லப் பாத்தேனான்னு எனக்கே தெரியல. நான் போய் கால நீட்டாம இருந்திருந்தா ஒண்ணுமே நடந்திருக்காதோ என்னவோ.

ஆர்வில் அவங்க ஜாக்கெட்டுல இருந்த புல்லுக் கறையப் பாத்தாரு. கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

"எந்தக் கால்?"

ஆர்லிஸ் இடது காலத் தொட்டுக் காட்டினாங்க.

"காலையில வீட்ல கேட்டேன். தெரியும், தெரியும்னு சொன்னியே."

"சொல்றப்ப தெரிஞ்சுதான்யா இருந்துச்சு."

அவரு கர்சீப் எடுக்கறதுக்கு அந்தக் கைப்பையத் தொறக்கப் பாத்தாரு. ஜிப் வரவே இல்ல. நான்தான் தொறந்து குடுத்தேன்.

இப்ப வண்டி கழுவுற எடத்துல தண்ணிக் குழாய் பக்கத்துல உக்காந்திருக்கேன். கண்ண மூடினா அந்த டேங்கர்தான் தெரியுது. அதுக்கு எதிர்ல வண்டி ஓட்டிட்டுப் போறது நான் இல்ல, அப்பா.

நான் சொன்னாலும் அவரு நிக்கமாட்டாரு. "எனக்கே வண்டி சொல்லித் தர்றியா"ம்பாரு. சரி, போகட்டும். ஆனா ரோட்டுக்கு விடாத. ஷோரூம் பின்னாடி எடம் இருந்தா அங்கயே சுத்தட்டும். கால வெளிய நீட்டி ஜாடை காட்டாத, கிட்ட போய் வாயால சொல்லு. திடீர்னு பின்னாடியிருந்து, "அப்பா, நாயி!"ன்னு கத்து. அவரு எந்தக் கால மிதிக்கறாருன்னு பாரு. இடது காலா இருந்தா சாவிய வாங்கிடு.

எல்லாம் தெரியும்னுதான் சொல்லுவாரு. வாயப் பாக்காத அக்கா. காலப் பாரு.