ராகு காலத்துக்கு முன் கொத்தமங்கலம்

காரைக்குடியில் ஒரு பொருளை விற்க வேண்டுமென்றால், வாங்க வந்தவர் அதைக் குறை சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்கத் தெரிய வேண்டும். சிவராஜுக்கு அது வராது. அவன் மனைவி நிவேதாவுக்கு நன்றாக வரும். அதனால்தான் அவர்களுடைய கார் ஆடியோ கடையில், காருக்குள் தலையை விட்டு வேலை பார்ப்பது அவன், வெளியே நின்று பேசுவது அவள் என்று ஏற்பாடு.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளையார்பட்டிக் கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்த ஹேமாவதி, வண்டிகள் நிற்கும் இடத்தில் நின்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்களை ஏற்றி இறக்கும் டிராவல்ஸ் அவருடையது. ஊரில் பாதி டாக்ஸி அவர் பேரில் ஓடுகிறது. மீதிப் பாதி அவரைப் பற்றிப் பேசிக்கொண்டு ஓடுகிறது.

“ஸ்கிரீன் பெருசாத்தான் இருக்கு. உச்சி வெயில்ல தெரியுமா?”

“தெரியும் மேடம்.”

“பாட்டுப் போட்டா கதவு கடகடங்குமா?”

“போட்டுப் பாருங்க மேடம்.”

“மதுரைக்காரன் இதைவிடப் பெருசாப் போட்டுத் தாரேங்கிறான்.”

நிவேதா சிரித்தாள், அவ்வளவுதான். பதில் சொல்லியிருந்தால் மதுரைக்காரனுக்கு இன்னும் நாலு பெருமை சேர்ந்திருக்கும். சிவராஜுக்குத்தான் நாக்கு துடித்தது. அவள் அவன் காலை மிதித்தாள்.

விஷயம் இதுதான். ஹேமாவதியின் டிரைவர்கள் இதுவரை செல்போனை டேஷ்போர்டில் ஒட்டவைத்து அதைப் பார்த்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சிவகங்கைச் சீமை வெயிலில் போன் கொதித்து அணைந்துவிடும். அணையாத நேரத்தில் டிரைவரின் சம்சாரம் கூப்பிட, வழி மறைந்து அவள் முகம் வந்துவிடும். போன மாதம் பாரிஸிலிருந்து வந்த தம்பதி அரண்மனை பார்க்கப் போய் அரிசி மில்லைப் பார்த்துவிட்டு வந்தார்கள். மில் நன்றாக இருந்தது என்றுதான் சொன்னார்களாம். ஆனாலும் ஹேமாவதிக்குப் பொறுக்கவில்லை. எல்லா வண்டிக்கும் டேஷ்போர்டிலேயே திரை, பாட்டு, வழிகாட்டி எல்லாம் ஒன்றாகப் பதித்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டார். வேலை மதுரைக்காரருக்கா, நிவேதா கடைக்கா என்பது மட்டும் பாக்கி. கிடைத்தால் கடை நிமிரும். கிடைக்காவிட்டால் மறுபடி சீட் கவர் தைப்பதும் வைப்பர் மாட்டுவதும்தான்.

பரீட்சைக்கென்று ஒரு வண்டி கொடுத்திருந்தார். சூசைமரியான் ஓட்டுகிற வண்டி. சிவராஜ் ஆசாரி வீட்டுப் பிள்ளை. திரைக்கான சட்டத்தை அவனே அறுத்து இழைத்து, கம்பெனியிலிருந்தே அப்படி வந்ததோ என்று சந்தேகப்படும்படி பதித்திருந்தான். நிவேதா தன் பங்குக்கு ஒரு காரியம் செய்திருந்தாள். “நூறு மீட்டரில் வலப்புறம் திரும்பவும்” என்று தாலுகா ஆபீஸ் நோட்டீஸ் படிக்கிற குரலைத் தூக்கிவிட்டு, தன் குரலிலேயே எல்லாவற்றையும் பதிந்து ஏற்றிவிட்டாள்.

ஹேமாவதி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து நிபந்தனையைச் சொன்னார்.

“கொத்தமங்கலத்துல சீதாலட்சுமி ஆச்சி வீடு. நான் ஒரு தடவைகூடப் போனதில்ல, சூசை அண்ணனும் போனதில்ல. ஆச்சி அனுப்புன லொக்கேசனை நேத்தே ஒனக்குத் தள்ளிவிட்டுட்டேன். விருந்தாளிக தங்குறதுக்கு அந்த வீட்டைக் குடுக்குறேன்னுருக்காக. பத்தரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னாடி வெத்தலை பாக்கு மாத்தியாகணும். வழியில ஒருத்தர்கிட்டயும் வழி கேக்கப்படாது. ஒங்க பொட்டியே கொண்டுபோய்ச் சேர்க்கணும். சேர்த்துட்டா எல்லா வண்டியும் ஒங்களுக்கு.”

“அம்புட்டுத்தான மேடம்? வீடு, ராகு காலம், யார்கிட்டயும் கேக்கப்படாது. வேற ஒண்ணும் இல்லையே?”

“வேற என்ன?”

“சும்மா கேட்டேன்” என்று நிவேதா பக்கத்தில் உட்கார்ந்தாள். சிவராஜ் முன்சீட்டில் ஏறினான். டேஷ்போர்டின் மேல் இருந்த சின்ன வேளாங்கண்ணி மாதாவைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு சூசைமரியான் சாவியைத் திருகினார். திரையில் நீலக்கோடு ஓடியது.

“கெளம்புங்க அண்ணே. நேராப் போங்க” என்றது வண்டி.

ஹேமாவதி திடுக்கிட்டு நிவேதாவின் வாயைப் பார்த்தார். அது மூடியிருந்தது.

குன்றக்குடி தாண்டும் வரை எல்லாம் சுகமாகப் போனது. சிவராஜ் நாதஸ்வரம் ஒன்றைப் போட்டான். கதவு கடகடக்கவில்லை. தவில் நடுமுதுகில் விழுந்தது. ஹேமாவதியின் விரல் தொடையில் தாளம் போட ஆரம்பித்து, நிவேதா பார்ப்பதைப் பார்த்ததும் நின்றது. வாங்குகிறவர் சந்தோஷத்தைக் காட்டிக்கொண்டால் பேரம் போச்சு.

தொல்லை சூசைமரியானால் வந்தது. முச்சந்தி கண்டால் பிரேக்கை மிதித்துக் கண்ணாடியை இறக்குவது அவர் கைக்குப் பழகிப்போன காரியம். டீக்கடைப் பெஞ்சில் இருப்பவர்களிடம் தலையை நீட்டிக் கேட்டு, அவர்கள் ஆளுக்கொரு பக்கம் கை காட்ட, அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் போவதுதான் அவருக்குப் பயணம்.

“சூசை அண்ணே, கண்ணாடியை ஏத்துங்க.”

“வழி கேக்கல மேடம். சௌக்கியமான்னு கேக்கலாமுன்னு…”

“யாருன்னே தெரியாத ஆளுகிட்டயா?”

“கேட்டாத்தான மேடம் தெரியும்.”

காரைக்குடிக்குள் நுழைந்ததும் எதிரே தெரு முழுக்க மஞ்சள். அம்மன் கோயிலுக்குப் பால்குடம் போய்க்கொண்டிருந்தது. மேளம், குலவை, தலைதலையாகக் குடங்கள். வண்டி நின்றது. ஹேமாவதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“அவ்வளவுதான். மதுரைக்காரன் இன்னைக்கு நல்ல முகத்துல முழிச்சிருக்கான்.”

“அண்ணே, இங்குட்டுச் சந்துல ஒடிங்க!” என்று சிவராஜ் கத்தினான். சூசைமரியான் ஒடித்தார். நீலக்கோடு அறுந்தது.

“ஏங்க, எங்குட்டுப் போறீக? சொன்னாக் கேக்கவே மாட்டீகளா?” என்றது வண்டி.

ஹேமாவதி அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். “புருசனைத் திட்டுற மாதிரியே இருக்கு.”

“அந்தப் பழக்கத்துலதான் மேடம் பேசுனேன்” என்றாள் நிவேதா.

புதுக்கோடு விழுந்தது. வண்டி சொல்லச் சொல்ல சூசைமரியான் திருப்பினார். இடது, மறுபடி இடது, ஒரு மாவு மில்லை உரசிக்கொண்டு வலது. யாரோ காயப்போட்ட வத்தலை மிதிக்காமல் ஒதுங்கி, சைக்கிள்காரர் ஒருவரின் வசவை வாங்கிக்கொண்டு, பொசுக்கென்று பெரிய ரோட்டில் வந்து விழுந்தார்கள். பால்குடம் பின்னால் போயிருந்தது. சிவராஜ் இரண்டு கையையும் தட்டினான். சூசைமரியான் பாட்டின் சத்தத்தைக் கூட்டினார். “பொட்டி சமத்துதான்” என்று ஹேமாவதி ஜன்னலைப் பார்த்துச் சொன்னார், யாரிடமும் சொல்லாத மாதிரி.

கொத்தமங்கலத்துக்குள் திரும்பும்போது இன்னும் நேரம் மிச்சமிருந்தது. நிவேதா முன்பக்கம் சாய்ந்து திரையையே பார்த்தாள். அம்புக்குறி ஊர்ந்தது. நெருங்கியது. நின்றது.

“வந்துட்டோம். பாத்து எறங்குங்க” என்றது வண்டி.

நாலு பேரும் பார்த்தார்கள். ஒரு பக்கம் கருவேலங்காடு. மறுபக்கம் தெருவின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை ஒரே மதில். அதில் ஆள் குனிந்து நுழைகிற மாதிரி ஒரு கதவு. பக்கத்தில் சாக்கடை ஓட்டை. மதிலுக்கு மேல் ஒரு வாழை இலை ஆடிக்கொண்டிருந்தது.

ஹேமாவதியின் முகம் சுண்டிப்போனது. “இது கொல்லைவாசல்.”

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் வாசல் வைத்து அடுத்த தெருவில் போய் முடிகிறது என்பது அங்கே யாருக்கும் புதிதல்ல. முன்வாசலில் தேக்கும் தூணும் லட்சுமியும். பின்வாசலில் சாம்பலும் சருகும். ஒரு காரியம் பேச முதன்முதலாகப் போகிறவர் சாக்கடை தாண்டி நுழைந்தால் அந்தக் காரியம் எப்படி விளங்கும்?

“அண்ணே, சுத்திக்கிட்டு முன்தெருவுக்குப் போங்க” என்றார் ஹேமாவதி.

சூசைமரியான் இறங்கி ஓடிப்போய்த் தெருமுனையைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். “குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டுருக்காக மேடம். ஊரைச் சுத்தித்தான் போகணும். போய்ச் சேர்றதுக்குள்ள ராகு காலம் நமக்கு முன்னாடி போய் ஒக்காந்துரும்.”

சிவராஜ் கதவைத் தட்டினான். உள்ளே தாழ் போட்டிருந்தது. கையால் தட்டி, செருப்பைக் கழற்றித் தட்டினான். அத்தனை கட்டுகள் தாண்டி முன்வாசல் பத்தியில் காத்திருக்கிற ஆச்சிக்கு அது எங்கே கேட்கப்போகிறது? ஹேமாவதி போன் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே.

“நீயும் ஒன் பொட்டியும்” என்றார் நிவேதாவிடம். “நான் மதுரைக்குப் பேசிக்கிறேன்.”

நிவேதாவுக்குக் காது சுட்டது. ஒரு கணம்தான். “அண்ணே, வண்டியைப் பின்னால எடுத்துக் கதவோரமா விடுங்க. ஏங்க, எல்லாக் கதவையும் தொறங்க, டிக்கியையும்!” என்று சொல்லிவிட்டு, போனை வாயருகே வைத்துப் பேசிப் பதிந்தாள். வண்டியின் சத்தத்தை முழுக்கத் திருகிவிட்டுப் போட்டாள்.

“சீதாலட்சுமி ஆச்சி! ஹேமாவதி மேடம் வந்துட்டாக! கொல்லைப்பக்கம் வாங்க ஆச்சி! ராகு காலம் வரப்போகுது, வெத்தலை பாக்கோட ஓடியாங்க!”

கருவேலங்காட்டிலிருந்து காக்கைகள் மொத்தமாக எழும்பின. கதவுதான் மூடியிருந்ததே தவிர, உள்ளே வளவு வளவாக இருந்த முற்றங்களுக்கு மேலே வானம் திறந்துதான் கிடந்தது. குரல் மதிலைத் தாண்டி, முற்றம் முற்றமாகக் குதித்துக்கொண்டு போனது. மூன்றாவது முறை போடும்போது பக்கத்து வீட்டுக் கொல்லைக்கதவு திறந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து, “ஓட்டுக் கேக்க வந்தீகளா?” என்றார்.

உள்ளே தாழ் கிரீச்சிட்டது. மூச்சு வாங்க, வெற்றிலைத் தட்டைக் கையில் ஏந்தியபடி ஆச்சி நின்றார்.

“யாரு அது, என் பேரை ஊரு பூராம் ஏலம் போடுறது? ஏன் இங்குட்டு வந்தீக?”

“நீங்க அனுப்புன லொக்கேசன் இங்குட்டுத்தான் கொண்டாந்துச்சு ஆச்சி” என்றாள் நிவேதா.

“வீட்டுக்குள்ள எங்கிட்டு டவர் கெடைக்குது? இந்தக் கெணத்தடிக்கு வந்து நின்னாத்தான் போனே பேசும். இங்கன நின்னுதான் அனுப்பிவிட்டேன்.”

நிவேதா ஹேமாவதியைத் திரும்பிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு நிற்கத் தெரிந்தவள்.

“சரி, உள்ள வாங்க” என்று சொல்லப்போன ஆச்சி தானே நிறுத்திக்கொண்டார். “மொத மொத வர்றவுகளைக் கொல்லை வழியாக் கூப்புட்டா நல்லாவா இருக்கும்?”

“நானும் நுழையமாட்டேன் ஆச்சி” என்றார் ஹேமாவதி. “ஆனா நேரம்…”

இருவரும் சாக்கடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றார்கள். கடிகாரம் மட்டும் நடந்தது.

“ஆச்சி, வீட்டுக்குள்ளதான் மாத்தணும்னு இருக்கா? வண்டிக்குள்ள ஒக்காந்து மாத்திக்கிருங்க” என்றாள் நிவேதா. “ஏங்க, ஸ்கிரீன்ல புள்ளையாரை வைங்க.”

சிவராஜின் விரல் பறந்தது. வரைபடம் மறைந்து திரை நிறையக் கற்பக விநாயகர் வந்தார். இன்னொரு தொடுதலில் நாதஸ்வரம். ஆச்சி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். குளிர்காற்று முகத்தில் அடித்ததும் ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தார். திரையைக் கும்பிட்டார். மேலே பார்த்தார். மாதாவையும் கும்பிட்டார்.

“ரெண்டு பேரும் இருக்காக. வேற என்ன சாட்சி வேணும்? பிடிங்க ஹேமாவதி.”

ஹேமாவதி டிரைவர் சீட்டில் சப்பணமிடாத குறையாக ஏறி உட்கார்ந்து தட்டை வாங்கினார், திருப்பிக் கொடுத்தார், மறுபடி வாங்கினார். சூசைமரியான் கடிகாரத்தைப் பார்த்து, “மாத்தியாச்சு, மாத்தியாச்சு! இன்னும் ராகு காலம் வரல!” என்று கத்தினார். பக்கத்து வீட்டு அம்மாள் குலவை போட்டார், எதற்கென்று தெரியாமலே.

இனி அவசரமில்லை. ஆச்சி சீட்டை விட்டு இறங்க மறுத்துவிட்டதால் ஊரைச் சுற்றிக்கொண்டு எல்லோரும் முன்வாசலுக்குப் போனார்கள். ஆச்சி உள்ளே காப்பிக்குச் சொல்லப் போனதும் ஹேமாவதி தொண்டையைக் கனைத்தார்.

“வெத்தலை மாத்தியாச்சு. அது வேற. ஒன் பொட்டி என்னைக் கொல்லையிலதான் நிறுத்துச்சு.”

“மேடம், வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கணும்னீக. சேர்த்துச்சு. ராகு காலத்துக்கு முன்னாடின்னீக. வந்துட்டோம். யார்கிட்டயும் வழி கேக்கப்படாதுன்னீக. சூசை அண்ணன் பாவம், சௌக்கியம்கூட விசாரிக்கல. எந்த வாசல்னு நீங்க சொல்லவே இல்லையே.”

“அதான் வேற ஒண்ணும் இல்லையேன்னு கேட்டியா?”

“சும்மா கேட்டேன் மேடம்.”

ஹேமாவதி அவளை மேலும் கீழும் பார்த்தார். தன்னைப்போல ஒருத்தியிடம் மாட்டிக்கொண்ட எரிச்சலும், அதைவிடப் பெரிய குதூகலமும் அந்தப் பார்வையில் இருந்தன.

“எல்லா வண்டியும் ஒங்களுக்குத்தான். ஆனா என் விருந்தாளிக போற ஒவ்வொரு வீட்டுக்கும் நீ நேர்ல போயி, முன்வாசல்ல நின்னு, எடத்தைக் குறிச்சு ஏத்தணும்.”

சிவராஜ் “சரிங்க மேடம்” என்று சொல்ல வாயைத் திறந்தான். அவன் கால் மறுபடி மிதிபட்டது.

“அது வேற வேலை மேடம்” என்றாள் நிவேதா. “அதைத் தனியாப் பேசிக்கிருவோம்.”

“பேசுவோம், பேசுவோம். நாளைக்குக் காலையில மொத வண்டியை அனுப்புறேன்.”

“ரெண்டா அனுப்புங்க.”