கண்மணி வைக்காத சூனியக்காரி

1

இந்தக் கதை ஒரு டீ டம்ளரில் பிறந்தது. பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கும் கம்பெனியில் டீக்கும் பிரஷ் அலசும் தண்ணீருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர் இருந்த காலம். சிஃபா டம்ளர் மாற்றி, பிரஷ்ஷைக் காயத்ரியின் டீயில் முக்கிவிட்டாள்.

"இன்னாடி, என் டீல பூதத்தக் குளிப்பாட்டுற?"

"பச்சதான? ஏலக்கான்னு நெனச்சிக்க."

அன்றிலிருந்து இருவரும் ஒரே பெஞ்சு. ஏலக்காய் வாசனை வந்தால் எனக்கு இன்னும் அந்தப் பெஞ்சுதான் நினைவுக்கு வருகிறது.

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் புகைக்கு நடுவே, சுண்டுவிரல் உயரப் படையொன்று…' வேண்டாம். புகையைப் பார்க்க அவர்களுக்கு ஏது நேரம்? தலைக்கு மேல் டியூப்லைட், முன்னால் வார்ப்புப் பொம்மைகள்: பூதங்கள், விண்வெளிச் சிப்பாய்கள், சூனியக்காரிகள். வெளிநாட்டில் பெரியவர்கள் இவற்றை மேசையில் பரப்பிப் போர் விளையாடுவார்களாம்.

முதலில் உடம்பெல்லாம் கறுப்பு. காய்ந்ததும் பிரஷ்ஷில் வெள்ளியைத் தொட்டு, எல்லாம் போய்விட்டது என்று தோன்றும்வரை துணியில் துடைத்து, கவசத்தின் மேல் லேசாக இழுக்க வேண்டும். மேடுகள் மட்டும் மின்னும். முகத்துக்கு நீர்த்த பழுப்பு. அது தானே ஓடிச் சுருக்கங்களில் தேங்கி வயதைக் கொடுக்கும்.

(முயன்று பார்ப்பவர்களுக்கு: பழுப்பு காயும்வரை தொடாதீர்கள். சிஃபா தொடுவாள்.)

3

கடைசியில் கண். வெள்ளை சிஃபாவுடையது, கறுப்புப் புள்ளி காயத்ரியுடையது. சிஃபா புள்ளி வைத்தால் மாறுகண்தான். சூப்பர்வைசர் பூவராகவன் பொம்மையைத் தூக்கிப் பிடிப்பார்.

"ஒரு கண்ணு பொன்னேரி பஸ்ஸப் பாக்குது, ஒண்ணு புதுவாயல் பஸ்ஸப் பாக்குது. எதுலமா ஏறும் இது?"

கண் வராதவர்களை அவர் பேக்கிங்குக்கு அனுப்பிவிடுவார். அங்கே பெயிண்ட் இல்லை, அட்டைப்பெட்டிதான். காயத்ரி பக்கத்தில் இருந்தவரை சிஃபாவுக்கு அந்தப் பயம் இல்லை.

இரண்டாயிரத்து ஏழில் காயத்ரிக்கு ஸ்ரீபெரும்புதூர் செல்போன் கம்பெனியில் வேலை கிடைத்தது.

(இங்கே காயத்ரியைக் கொஞ்சம் கெட்டவளாக்கிப் பார்த்தேன், பிரிவு சுலபமாகுமே என்று. 'டீயைத் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல்…' இல்லை. அவள் அப்படிப் போகிறவள் இல்லை.)

4

கடைசி நாள் சாயங்காலம். தட்டில் ஒரு சூனியக்காரி மட்டும் வெள்ளை விழியோடு நின்றாள்.

"இதுக்கும் வெச்சிட்டுப் போயேன்டி."

"நீ வையி."

"மாறுகண்ணாயிடும். அந்தாளு என்ன பொட்டி மடிக்க அனுப்பிடுவாரு."

"நாளைக்கி யாரு வெப்பா? நானா பஸ்ஸேறி வர்றது?" காயத்ரி தன் பிரஷ்ஷை சிஃபாவின் கையில் திணித்தாள். "மூச்ச உட்டுக்கினே வைக்காத. அதான் உனக்கு ஆடுது."

"இத இவ்ளோ நாளா சொல்லல?"

"சொல்லிருந்தா என்ன எதுக்குத் தேடப்போற நீ?"

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் கண்கள் நேராக அமைந்தன. பூவராகவன் தட்டை எடுத்துக்கொண்டார். அதிகமாக இனித்தது. மற்றதில் சிஃபா பெட்டி மடித்தாள். அதை எழுத எனக்கு மனம் வரவில்லை, பாதியிலேயே விட்டு…

எனவே அவள் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். காயத்ரி கதவருகே செருப்பை மாட்டுகிறாள். புள்ளியை ஓரமாக வைத்தால் சூனியக்காரி கதவைப் பார்ப்பாள்; நடுவில் வைத்தால் சிஃபாவை. நுனியில் கறுப்பு காய்வதற்குள் வைத்தாக வேண்டும்.

என் கையும் ஆடுகிறது. பிரஷ்ஷை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். டீயில் மட்டும் முக்கிவிடாதீர்கள்.