நகர வேண்டிய புள்ளி

என் மனைவி விண்மீன்களை ஆராய்கிறவள். அவள் பார்க்கும் கருவியைக் குளிர வைப்பது என் பிழைப்பு. இருவருக்கும் ஒரே ஆய்வகம் என்றால் சண்டையைக்கூட வீட்டிலேயே விட்டுவிட்டு வர முடியாது.

வானத்தில் ஒரு தூசி மேகம். சாதாரணத் தொலைநோக்கிக்கு அது வெறும் இருட்டு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி மட்டும் அந்தத் தூசியைத் தாண்டி வந்துவிடும். அப்படி எடுத்த படத்தில்தான் அவள் ஒரு புள்ளியைக் கண்டாள். பிறந்துகொண்டிருக்கும் நட்சத்திரம் என்றாள். வருடக்கணக்காக அவள் தேடியது அதைத்தான்.

ஆய்வக இயக்குநர் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல சூடும்தாம்மா புள்ளியா விழும். உங்க வீட்டுக்காரர் குளிர்ப்பெட்டியில எங்கயோ சூடு கசியுது."

அவர் அறைக் குழாய் சொட்டுவது மட்டும் அவர் கண்ணில் படாது. ஆனாலும் அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். கருவி கொஞ்சம் சூடானாலும் தன் சூட்டையே படம் பிடித்துவிடும். அதற்காகத்தான் அதைப் பெட்டிக்குள் உறைய வைத்திருக்கிறோம். அந்தப் பெட்டியை மூடியது இந்தக் கைதான். வீட்டில் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் 'ஒருவேளை கசிவுதானோ' என்று வந்துவிடும்.

சோதித்துப் பார்க்க வழி இருந்தது. தொலைநோக்கியை இம்மியளவு திருப்ப வேண்டும். வானத்துப் புள்ளியானால் படத்தில் இடம் மாறும். என் பெட்டியின் சூடானால் அதே இடத்தில் சட்டமாக உட்கார்ந்திருக்கும்.

பொழுது சாய்ந்ததும் கட்டுப்பாட்டு அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

"திருப்பட்டுமா?" என்றாள்.

"திருப்பு. என்னை ஏன் கேக்கற?"

"பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் என்னவாம்?"

புதிய படம் திரையில் வந்தது. பழைய இடத்தில் ஒன்றுமில்லை. இரண்டு பேரும் திரையை ஓரம் ஓரமாகத் தேடினோம். பிறகு அவள் விரல் இடது பக்கம் போய் நின்றது. அங்கே இருந்தது புள்ளி.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியில் தொப்பென்று விழுந்தேன். சிரிப்பதா அழுவதா என்று நான் யோசிப்பதற்குள் அவள் இரண்டையும் செய்து முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு இயக்குநருக்குப் போன் போட்டாள். நட்சத்திரத்தைப் பற்றி மூச்சுமுட்டப் பேசப்போகிறாள் என்று நினைத்தேன்.

"சார், அவர் பெட்டியில கசிவே இல்ல" என்றாள்.

இயக்குநர் என்னவோ கேட்டார்.

"ஆமா சார், நட்சத்திரமும் இருக்கு."