பக்தவத்சலத்தின் பெயர்

சென்னை ஆய்வகத்திலிருந்து வந்த தாளைப் படித்ததும் சௌந்தரவல்லிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அனுப்பிய ஐந்து மாதிரிகளில் நான்கில் பெயரே இல்லை. ஐந்தாவதில் பாதிதான் இருந்தது.

கேளம்பாக்கம் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறவள் அவள். தமிழ் எழுத்துகளுக்கு டி.என்.ஏ.வில் குறியீடு வகுத்து, ஒரு பெயரைச் சின்ன வளையமாக்கிப் பாக்டீரியாவுக்குள் ஏற்றியிருந்தாள். அது பெருகப் பெருகப் பெயரும் பிரதியாகிக்கொண்டே போக வேண்டும். அது பக்தவத்சலத்தின் பெயர். ஆய்வக உதவியாளர் வேண்டாவின் புருஷன். புதுப்பட்டினத்தில் சுனாமியில் போனவர். வீட்டோடு போட்டோவும் போய்விட்டது. "அவரு பேரப் போடுங்க மேடம்" என்று வேண்டா கேட்டபோது, "ஆயிரம் வருஷம் அழியாது" என்று சௌந்தரவல்லி வாக்குக் கொடுத்திருந்தாள். அது ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை.

"வளையத்தை விட்ட பாக்டீரியாவைக் கொல்ற மருந்தை நிறுத்தாம ஊத்தியிருக்கலாமே" என்றார் துறைத் தலைவர் சுப்புராமன்.

"ஆயிரம் வருஷத்துக்கு யார் சார் ஊத்துவா?"

அவர் செய்தித்தாளைப் புரட்டினார்.

குடுவை கழுவிக்கொண்டிருந்த வேண்டா நிமிர்ந்தாள். "அவரு பேரு இருக்குதா மேடம்?"

"இல்லக்கா. பாக்டீரியா தூக்கிப் போட்டுடுத்து. அதுக்கு அந்தப் பேரால பிரயோஜனம் இல்ல. சுமந்தது மெதுவா வளர்ந்தது, போட்டது மளமளன்னு பெருகிடுத்து."

வேண்டா கையைத் துடைத்துக்கொண்டாள். "மொதல்லயே சொல்லிருக்கலாம் இல்ல? எம்மவகிட்ட, உங்கப்பா பேரு எங்கயும் போவாதுன்னு சொல்லிட்டேனே."

சௌந்தரவல்லிக்குப் பாக்டீரியாவைத் திட்டவும் முடியவில்லை, சுப்புராமனைத் திட்டவும் முடியவில்லை. "முதல் நாள் உறைய வெச்ச குழாய்ல பேர் முழுசா இருக்கு" என்றாள்.

"அப்ப அதயே வெச்சிக்கலாமே?"

"அது அசையாம கெடக்கு. வளரவிட்டா மறுபடியும் போட்டுடும்."

வேண்டா குடுவைகளை அடுக்கினாள். சௌந்தரவல்லி நோட்டைப் பிரித்தாள். இந்தத் தடவை தனி வளையம் வேண்டாம். பாக்டீரியா உயிர் வாழ அவசியமான மரபணுவை ஒட்டியே பெயரை நுழைத்துப் பார்க்கலாம்; அப்போது எளிதில் தூக்கிப் போடாது. வருஷம் ஒன்றாவது ஆகும். சுப்புராமன் கையெழுத்துப் போடுவாரா என்பதும் சந்தேகம்தான்.

"இந்த வாட்டி எவ்ளோ நாளு நிக்கும்?" என்றாள் வேண்டா.

"தெரியலக்கா."