வட்டியில்லாச் சோபா

முத்துக்குமாரு முப்பது வருடம் அரசாங்கக் கணக்காய்வு அலுவலகத்தில் இருந்தவர். அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாள் வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான். அந்தத் தாளுக்காகத்தான் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரயிலேறி வந்து, கிள்ளானில் ஒரு பர்னிச்சர் கடையின் ஏர்கோன் குளிரில் உட்கார்ந்திருந்தார்.

மகள் வசுந்தராவும் மருமகன் ஜெயந்திரனும் கல்யாணம் முடிந்த கையோடு இங்கேதான் சோபா, கட்டில், ஐஸ்பெட்டி எல்லாம் தவணையில் எடுத்தார்கள். 'வட்டி இல்லை' என்று வாசலில் பெரிதாகத் தொங்கியது. ஜாமீனுக்கு முத்துக்குமாருவைக் கூப்பிட்டார்கள். சம்பந்தியம்மா சந்திரகலா பக்கத்திலேயே நின்றார். அவர் முன்னால் தாளை விரித்து வரி வரியாகப் படித்தால், மருமகனை நம்பவில்லை என்றாகிவிடும். முத்துக்குமாரு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

இப்போது ஜெயந்திரனுக்கு தெலுக் பங்லிமா காராங் ஊர்த் தொழிற்சாலையில் வேலை போய்விட்டது. மூன்று மாதத் தவணை நின்றுவிட்டது. மீதி முழுவதையும் கட்டாவிட்டால் சாமான்களைத் தூக்கிப்போக சனிக்கிழமை லோரி வரும்.

விற்பனையாளன் லோகன் எதிரே உட்கார்ந்தான்.

"தம்பி, அதே சாமான இன்னைக்கு மொத்தமா காசு குடுத்து எடுத்தா எவ்வளவு?"

"காஷா அங்கிள்? எட்டாயிரத்துக்குப் போட்டுத் தரலாம்லா."

"நாங்க எடுத்தது பன்னிரண்டாயிரமாச்சே."

"அது தவணை விலை அங்கிள். மாசம் ஐந்நூறு, ரெண்டு வருஷம். வட்டி சீரோ."

"ஆறு மாசம் கட்டியிருக்கு. மீதிய ஒரே தடவையா கட்டிட்டா எவ்வளவு கழிப்பீங்க?"

லோகன் சிரித்துவிட்டான். "வட்டியே இல்லையே அங்கிள். எதுலேர்ந்து கழிக்கிறது?"

மீதி ஒன்பதாயிரம் ரிங்கிட். மனைவி கனகேஸ்வரியின் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கு என்று அவர் ஒதுக்கி வைத்திருந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

மகள் வீடு நடக்கிற தூரம். வெயிலில் நடந்துகொண்டே மனதுக்குள் கணக்குப் போட்டார். எட்டாயிரத்துக்கு நாலாயிரம் கூடுதல். வருடத்துக்கு நூற்றுக்கு இருபத்தைந்து என்று தோன்றும். ஆனால் அந்த எட்டாயிரம் இரண்டு வருடமும் இவர்களிடம் முழுதாக இருக்கவில்லை. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போகிறது. சராசரியில் பாதிதான் கையில். அப்படியானால் உண்மை வட்டி நாற்பதுக்கும் மேல். இதைக் கண்டுபிடிக்க அன்றைக்கு ஒரே ஒரு கேள்வி போதுமாயிருந்தது. மொத்தக் காசுக்கு எவ்வளவு?

வசுந்தரா கேட்டைத் திறந்தாள். கார் நிறுத்தும் இடத்திலேயே நின்று, குரலைத் தாழ்த்திக் கணக்கை அவளிடம் சொன்னார்.

"தெரியும்பா," என்றாள். "அன்னைக்குக் கடையிலயே ஃபோன்ல போட்டுப் பார்த்தேன்."

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

"மாமி நின்னாங்களே." அவள் அவரைப் பார்க்கவில்லை. "நீங்க தாள எடுத்ததும், இப்போ அப்பா கேட்பார்னு காத்திருந்தேன். நீங்க மடமடன்னு கையெழுத்துப் போட்டீங்க. சரி, உங்களுக்குத் தெரியாத கணக்கான்னு விட்டுட்டேன்."

தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் கடந்துபோயிற்று.

"வாங்க சம்பந்தி!" உள்ளிருந்து சந்திரகலாவின் குரல். "வெளியிலேயே நிக்கிறீங்க? சோபா இருக்கே, உட்காருங்க."

உட்கார்ந்தார். தேநீர் குடித்தார். சோபா நன்றாக இருப்பதாகவும் சொன்னார்.

திரும்பும்போது ரயில் நிலையத்திலிருந்து கனகேஸ்வரிக்கு ஃபோன் போட்டார். அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும் என்றார். காரணத்தையும் சொன்னார். வண்டி வந்து, கதவு திறந்து, மூடி, கிளம்பிப் போயிற்று. அவர் ஏறவில்லை.

"லோரி வரப்போறது சம்பந்தியம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் கனகேஸ்வரி.

"தெரியாது."

"சரி," என்றாள். "சனிக்கிழமைக்கு முன்னாடி கட்டிடுங்க."